மிதிவண்டியும் பால்மரமும்



சிங்கப்பூரில் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற இடம் சிராங்கூன் சாலை. தேக்கா என்றும் சொல்வார்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களை அன்று அங்கே கூட்டம் கூட்டமாகக் காணலாம். சில நாட்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். ஒரு சந்தில் ஓர் இளைஞர் தம் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். டயரைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு, டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த டயரைக் கையில் எடுத்து, "தம்பி, இந்த ரப்பர் எங்கேயிருந்து வருகிறது தெரியுமா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "கம்பெனியிலிருந்து வருகிறது ஐயா" என்றார்.

நான் பால் வெட்டிய ஒரு தொழிலாளியின் மகன். அந்தப் பதில் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நாம் சொல்லாமல் விட்டதால்தானே இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்று தோன்றியது. ஆகவேதான் இன்று மிதிவண்டியின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது எங்கோ ஐரோப்பாவில் தொடங்கி நம் லயத்து வாசல் வரை வந்த கதை. நம் பாட்டன் பூட்டனுக்கும் அதில் பங்கு உண்டு.

மிதிவண்டிக்கு இப்பொழுது இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1817-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள், ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில், கார்ல் வான் டிரைஸ் என்பவர் ஒரு வினோதமான வண்டியில் ஏறிக் கிளம்பினார். முன்னும் பின்னுமாக இரண்டு மரச் சக்கரங்கள், நடுவே ஒரு கட்டை, அதன் மேல் இருக்கை, முன் சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. இவ்வளவுதான் அந்த வண்டி. மிதிப்பதற்கு ஒன்றும் கிடையாது. இருக்கையில் உட்கார்ந்தபடியே கால்களால் தரையை உந்தி உந்தி ஓட வேண்டும். அப்படியே அவர் போகவர ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிட்டார்.

அதற்கு முந்தைய வண்டிகளுக்கெல்லாம் சக்கரங்கள் பக்கவாட்டில் இருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சக்கரம் வைத்தால் வண்டி சாய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது விழாது, விழப்போகும் பக்கம் முன் சக்கரத்தைச் சிறிது திருப்பினால் நிமிர்ந்துகொள்ளும் என்று டிரைஸ் காட்டினார். இன்றைக்கும் சைக்கிள் பழகும் பிள்ளை முதலில் கற்பது இதைத்தானே?

இந்தக் கதையில் நம் வட்டாரத்துச் செய்தியும் ஒன்று வருகிறது. 1815-ஆம் ஆண்டு, இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசியும் வானத்தில் பரவி வெயிலை மறைத்தன. 1816-இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போயிற்று. பயிர்கள் அழிந்தன, மக்களுக்கும் குதிரைகளுக்கும் உணவில்லை. குதிரை இல்லாமல் போய்வர ஒரு வழி வேண்டும் என்ற நினைப்புதான் டிரைசைத் தூண்டியிருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டிரைசுக்கு இதனால் செல்வம் ஒன்றும் சேரவில்லை. 1851-இல் வறுமையிலேயே இறந்தார்.

அடுத்த பெரிய மாற்றத்திற்கு உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1860-களில் பாரிஸ் நகரத்தில் முன் சக்கரத்தின் அச்சிலேயே மிதிகளைப் பொருத்தினார்கள். பியேர் மிஷோ, பியேர் லால்மாண் ஆகிய இருவர் பெயரையும் இதற்குச் சொல்வார்கள். கால் தரையை விட்டு மேலே ஏறிவிட்டது. ஆனால் சக்கரமோ மரம், அதன் மேல் இரும்புப் பட்டை, சாலையோ கல் பாவியது. ஏறி இறங்கினால் உடம்பு எலும்பு எலும்பாகக் கழன்றுவிடும் போலிருக்கும். ஆங்கிலேயர்கள் அதற்கு 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நேயர்களே, இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மிதி முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தால், நாம் ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே வேகமாகப் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் 1870-களில் முன் சக்கரம் ஆள் உயரத்திற்கு வளர்ந்தது. பின் சக்கரம் சிறு பிள்ளை விளையாடும் வளையத்தைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் இந்த வகை வண்டிகளைச் செய்து பெயர் பெற்றார். ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள சக்கரம் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர் ஓடும். வேகம் கிடைத்தது. ஆனால் ஒரு சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுகிறவர் அத்தனை உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவார். வயதானவர்களும் பாவாடை கட்டிய பெண்களும் அதில் ஏறுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இதற்கு விடை கண்டவர் அதே குடும்பத்துப் பிள்ளை. ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு. மிதி நடுவில் இருந்தது. மிதியிலிருந்து பின் சக்கரத்திற்குச் சங்கிலி போயிற்று.

சங்கிலி என்ன செய்கிறது? உங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் இருந்தால் போய் எண்ணிப் பாருங்கள். மிதியோடு சேர்ந்த பல்சக்கரம் பெரிது, பின் சக்கரத்தோடு சேர்ந்தது சிறிது. பெரியதில் 44 பற்கள், சிறியதில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். நாம் ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்றுச் சுற்றிவிடும். 28 அங்குலச் சக்கரமானால், ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் தூரம் போகிறோம். ஆள் உயரச் சக்கரம் போனதைக் காட்டிலும் இது அதிகம்! உயரமும் தேவையில்லை, விழுந்தாலும் கால் தரையில் ஊன்றும். இன்று நாம் ஓட்டுகிற சைக்கிள் அந்த 1885-ஆம் ஆண்டு வண்டியின் நேர் வாரிசுதான்.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. சக்கரத்தின் மேல் இருந்தது கெட்டி ரப்பர். குலுக்கல் குறையவில்லை. அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் கல் சாலையில் குலுங்குவதைப் பார்த்து, மெல்லிய ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். வண்டி மெத்தென்று ஓடிற்று. விரைவாகவும் ஓடிற்று. 1888-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1840-களிலேயே காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆயினும் உலகத்தை ஓட வைத்தது டன்லப்பின் சக்கரம்தான்.

டன்லப் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். மலாயாவில் மிகப் பெரிய ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்த கம்பெனிகளுள் ஒன்றுக்கு அந்தப் பெயர்தானே! அந்த மருத்துவரோ 1890-களிலேயே கம்பெனியை விட்டு விலகிவிட்டார். பெரும் பணம் அவர் கைக்கு வரவில்லை. பெயர் மட்டும் கடல் கடந்து வந்து நம் தோட்டத்துப் பலகைகளில் ஏறிக்கொண்டது.

இனி ரப்பருக்கு வருவோம். பச்சைப் பால் உறைந்து உண்டாகும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கண்டார். அது இல்லையேல் டயர் இல்லை. ஆனால் அக்காலத்தில் ரப்பர் கிடைத்ததெல்லாம் காட்டில்தான். பிரேசில் நாட்டு அமேசான் காடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவில் காங்கோக் காடுகளிலிருந்தும் வந்தது. 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ரப்பர் விலை ஏறிற்று. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள், குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத கிராமத்தாரை அடித்தார்கள், கொன்றார்கள், கைகளை வெட்டினார்கள். ஒரு நாட்டில் உல்லாசமாக உருண்ட சக்கரத்திற்கு இன்னொரு நாட்டில் இரத்தம் சிந்த நேர்ந்தது. இதையும் நாம் சரித்திரத்தில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதே காலத்தில் சிங்கப்பூரில் ஒரு மனிதர் எல்லோரிடமும் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லிக்கொண்டிருந்தார். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த நாற்றுகளில் 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. 1888-இல், அதாவது டன்லப் டயருக்கு உரிமை பெற்ற அதே ஆண்டில், ஹென்றி ரிட்லி என்பவர் அந்தப் பூங்காவிற்குத் தலைவராக வந்தார்.

காட்டு மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தால் மரம் பாழாகும். ரிட்லி, மரத்தின் பட்டையில் மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்டினால் பால் வடியும், மறுபடியும் அதே வெட்டின் ஓரத்தைச் சீவினால் முன்னிலும் அதிகமாகப் பால் வரும், மரமும் சாகாது என்று சோதித்துக் கண்டார். பட்டை ஆறி மீண்டும் வளரும். அம்மா, ஐயா, நீங்கள் விடியலில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்று வெட்டினீர்களே, அந்த வெட்டு 1890-களில் சிங்கப்பூர்ப் பூங்காவில் பிறந்தது. ரிட்லி சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீன வணிகர் அவர் பேச்சை நம்பி ரப்பர்த் தோட்டம் போட்டார். காப்பி விலை வீழ்ந்து நொந்திருந்த மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956-இல்தான் மறைந்தார். தாம் விதைத்தது மலாயா முழுவதும் காடாக நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

காடு திருத்தவும், நாற்று நடவும், பால் வெட்டவும் ஆள் வேண்டுமே! நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறி நம் முன்னோர்கள் வந்தார்கள். கங்காணியின் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் பலர். பினாங்கில் இறங்கி, பேராக், சிலாங்கூர், ஜொகூர் என்று பிரிந்து போனார்கள். சிங்கப்பூரிலேயே புக்கிட் தீமா, மண்டாய், செம்பாவாங் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நீ சூன் என்ற ஊர்ப் பெயரே ரப்பரும் அன்னாசியும் விளைவித்த லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான். சைக்கிள் டயர் திறந்துவிட்ட கதவில் பின்னால் மோட்டார் கார் நுழைந்தது. கார்கள் பெருகப் பெருகத் தோட்டங்களும் பெருகின. உலகத்தின் சக்கரங்களுக்கு மெத்தை போட்ட பாலில் பெரும் பங்கு நம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் மங்கு மங்காக ஊற்றிக் காண்டா வாளியில் சுமந்த பால். அந்தத் தம்பிக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

பால் சுமந்தவர் வீட்டுக்குச் சைக்கிள் வந்ததா? மெதுவாக வந்தது. முதலில் கிராணியார் வைத்திருந்தார். பிறகு கங்காணி வைத்திருந்தார். நகரத்திலோ நம்மவர்களுக்கு அது பிழைப்பாகவே ஆகிவிட்டது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்தன. எருமைச் சாலை என்ற தெருப் பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. பால்காரர்கள் பாத்திரங்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார். 1935-இல் தமிழ் முரசு தொடங்கியபின் அதையும் மற்றப் பத்திரிகைகளையும் விடியலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வாசலில் போட்டவர்களில் நம்மவர்கள் பலர்.

மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்ஷா வண்டி 1880-இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1947-இல் அது ஒழிந்தது. அதன் இடத்தில் சைக்கிளோடு பக்கப்பெட்டி சேர்த்த மூன்று சக்கர வண்டி ஓடிற்று. இழுப்பதைவிட மிதிப்பது எளிது அல்லவா? இன்று அவற்றில் சில மட்டுமே, சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகின்றன.

மிதிவண்டியைப் பற்றிச் சொல்லும்போது போரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். காட்டுப் பாதையிலும் தோட்டத்துச் சாலையிலும் லாரி போக முடியாத இடங்களில் அவர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒரு படைப்பிரிவுக்குச் சுமார் 6,000 சைக்கிள்கள் இருந்தன. வழியில் மக்களிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டார்கள். பாலத்தை உடைத்தால் ஆற்றில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்துப் போனால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தக் கரகர ஓசையைக் கேட்டு டாங்கிப் படை வருகிறது என்று எதிரே இருந்தவர்கள் கலங்கியதும் உண்டு. எழுபது நாட்களில், 1942 பிப்ரவரி 15-இல், புக்கிட் தீமாவில் உள்ள போர்டு தொழிற்சாலையில் சிங்கப்பூர் சரணடைந்தது.

அதன் பிறகு தோட்டங்களுக்கு வந்த துன்பத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். ஊரிலோ சைக்கிளுக்கு டயர் கிடைக்கவில்லை. கெட்டி ரப்பரை வளைத்துக் கம்பியால் கட்டி ஓட்டினோம் என்று என் தகப்பனார் சொல்வார். சுற்றிலும் பால்மரம், ஆனால் டயர் இல்லை. பாலை வெட்டத் தெரிந்த நாட்டுக்கு அதை டயராக்கும் தொழில் கைக்கு வரவில்லை என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் எல்லோருக்கும் உணர்த்தின.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். 1960-களின் கடைசி. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் ஆறு கல் தொலைவில் பட்டணத்தில் உள்ள இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பேருந்து தோட்டத்திற்குள் வராது. எனக்கு ஓர் அக்காள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் ஆறாம் வகுப்பை முடித்த ஆண்டு வீட்டில் சைக்கிள் இல்லை. "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றார் அப்பா. அடுத்த ஆண்டு ஒட்டுப்பால் காசையெல்லாம் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். அதற்குள் நானும் ஆறாம் வகுப்பை முடித்திருந்தேன். ஒரு சைக்கிள், இரண்டு பிள்ளைகள். பெண் பிள்ளை சைக்கிளில் ஏறிப் பட்டணத்துக்குப் போவதா என்று அண்டை அயலார் பேசினார்கள். அக்காள் ஒன்றும் பேசவில்லை. நான் புகுமுக வகுப்புக்குப் போனேன். அவள் புல் வெட்டும் வேலைக்குப் போனாள்.

நான் இன்று இந்த ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து பேசுகிறேன் என்றால் அந்தச் சைக்கிள்தான் காரணம். அக்காவுக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒருமுறை அவளிடம், "உனக்கு வருத்தம் இல்லையா அக்கா?" என்று கேட்டேன். "மழைக்காலத்தில் நீ நனைந்து வரும்போது சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்தவள் நான்தானேடா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டபோது எனக்கு அக்காவின் நினைவுதான் வந்தது. அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பித்தது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றார். கல்குவாரியில் கல் உடைத்தவர்களும், வயலில் நாற்று நட்டவர்களும், பள்ளி ஆசிரியைகளும், செவிலியர்களும் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி செய்தவர்கள் செய்துகொண்டேயிருந்தார்கள். 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலமாகச் சென்றார்கள். தண்ணீர் கொண்டுவரவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய இலாபம். பின்னர்த் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது.

இன்று காலம் மாறிவிட்டது. மலேசியாவில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செயற்கை ரப்பரும் வந்துவிட்டது. இக்காலத்து டியூப் பெரும்பாலும் அதில்தான் செய்யப்படுகிறது. ஆனால் டயரில் இன்றும் மரத்துப் பால் கலந்திருக்கிறது. சிங்கப்பூரிலோ சைக்கிளுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2011-இல் மலாயா இரயில் ஓடுவது நின்றபின், உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரையிலான 24 கிலோமீட்டர்ப் பாதையை நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் விட்டார்கள். நம் தாத்தாக்கள் இரயிலில் வந்த வழியில் பேரப்பிள்ளைகள் மிதித்துப் போகிறார்கள். தீவு முழுவதும் 2030-க்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைப்பதாகத் திட்டம் இருக்கிறது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றெல்லாம் விதிகளும் உண்டு.

முடிக்குமுன் சைக்கிள் வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில வார்த்தைகள். சங்கிலிக்கு மாதம் ஒருமுறையேனும் எண்ணெய் போடுங்கள், மழையில் நனைந்தால் அன்றே துடைத்துப் போடுங்கள். டயரைக் கட்டை விரலால் அழுத்தினால் கல்லைப் போல் இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் காலையும் கெடுக்கும், தானும் கெடும். பிரேக் கட்டைகள் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும்போது ஓரமாக இறங்கி நில்லுங்கள். ஒரு நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் ஒரே ஒரு சைக்கிள் இருந்து, பெண்ணும் பையனுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால், யாருக்கு என்று முடிவு செய்யுமுன் இருவரையும் அதில் ஏற்றிப் பழக்குங்கள். ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால் உட்கார்ந்தாவது இருவரும் பள்ளி போய்ச் சேரட்டும். பள்ளியிலிருந்து வந்ததும் சக்கரத்தைக் காட்டி, "இந்த ரப்பர் எங்கேயிருந்து வந்தது தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் உங்கள் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.